தணிகாசலத்தின் வண்டியைத் துடைத்த பங்குனி

கடலுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு இருப்பதால், மாசிக் கடைசியிலிருந்து சித்திரையின் முதல் மழை வரைக்கும் கடல்காற்று எங்களுக்கு உப்போடு பூந்தூளையும் சேர்த்தே கொண்டுவரும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டை மஞ்சளாகும், தயிர்ச் சட்டியின் மூடி மஞ்சளாகும், தூங்குகிற நாயின் இமை மஞ்சளாகும், தும்மாத வீடு என்று ஒன்று இருக்காது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வைத்திலிங்கம் சார் தும்மினால் ஒற்று மிகாமல் இலக்கணச் சுத்தமாகக் கேட்கும், மீன்காரி நாகவல்லி அக்கா தும்மினால் தோப்பில் உட்கார்ந்திருக்கும் காக்கையெல்லாம் பறக்கும். இந்த மஞ்சள் காலத்தில்தான் ஒருநாள் காலை, தணிகாசலம் மாமா தன் வெள்ளை டாக்ஸியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, செத்துப்போனார்.

வண்டி நின்ற தெருமுனைக்கும் அவர் வீட்டு வாசலுக்கும் முப்பது எட்டு தூரம் இருக்கும். ஏழு மணிக்கு அவர் வீட்டுக்காரி பவுனு அத்தை வண்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள், அங்கே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு டீக்கடை ஹமீது பாய் கிளாஸோடு வந்து கண்ணாடியைத் தட்டி, "தணிகா, ஆறுதுப்பா" என்றார், இரண்டாவது தடவையும் தட்டினார், மூன்றாவது தடவை தட்டவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் கழுவிய வண்டியின் மேல் மறுபடியும் மஞ்சள் படிந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வண்டியை யாரும் தொடவில்லை. நலங்கு வைத்துவிட்டு எல்லாரும் மறந்துபோன மாப்பிள்ளை மாதிரி அது தெருமுனையில் உட்கார்ந்திருந்தது.

பதினேழாம் நாள் அத்தை இரண்டு வாளித் தண்ணீரும் பழைய பனியன் துணியுமாக வந்தாள். பதினாலு வருஷமாக அவர் ஓட்டுவார், அவள் கழுவுவாள். பூந்தூள் காலத்தில் வண்டி கழுவுவது எப்படி என்று எங்கள் தெருவில் அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உலர்ந்த துணியால் தொடக் கூடாது, தொட்டால் பெயிண்டில் தலைமுடி மாதிரிக் கோடு விழும். முதலில் கூரையில் தண்ணீரைச் சாய்த்துத் தூளைப் படுக்கவைக்க வேண்டும். அப்புறம் நாலாக மடித்த துணியால் மேலேயிருந்து கீழே, போன வழியே திரும்பாமல், ஒரே போக்காக இழுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் மஞ்சள் ஊறிக் கறையாகிவிடும். அப்படித்தான் அன்றைக்கும் தண்ணீரைச் சாய்த்தாள், துணியை மடித்தாள், கூரையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

துணிக்கு அடியிலிருந்து தணிகாசலம் மாமா, "கதவ மெதுவா சாத்துங்க சார், இது உங்க ஊட்டு பீரோ இல்ல" என்றார்.

அத்தை அலறவில்லை, மயங்கி விழவில்லை, துணியைக்கூடக் கீழே போடவில்லை. வாளியில் அலசினாள், பிழிந்தாள், அடுத்த உள்ளங்கை அகலத்தில் வைத்து இழுத்தாள். "தோ, தேரடி தாண்டிட்டேன் சார், அஞ்சே நிமிஷம்" என்றார் மாமா. பால் தூக்கோடு போய்க்கொண்டிருந்த நான் நின்றேன், நான் நின்றதைப் பார்த்து ஹமீது பாய் வந்தார், பாய் வந்ததைப் பார்த்துத் தெருவே வந்தது.

யார் குரலானாலும் ஒரு தடவை கேட்டால் என் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பாய் குரலில் "சார், உங்க டீ ரெடி" என்று நான் கூப்பிட்டு வைத்திலிங்கம் சார் ஒரே காலையில் மூன்று தடவை கடைக்குப் போயிருக்கிறார். நாகவல்லி அக்கா குரலில் வஞ்சிரம் வந்திருப்பதாகக் கூவி, ஆடி வெள்ளியன்று விரத வீட்டுக்காரர்களையெல்லாம் வாசலுக்கு வரவழைத்திருக்கிறேன். அதனால் துணிக்கு அடியில் கேட்ட குரலைக் கேட்டதும் எல்லாரும் முதலில் என்னைத்தான் முறைத்தார்கள்.

"தில்லை, செத்தவரு கொரல்லயாடி வெளையாடுவ?" என்றாள் நாகவல்லி அக்கா.

"என் வாயப் பாருக்கா, பல்லு தேய்க்கக்கூட இன்னும் தொறக்கல" என்றேன்.

அத்தை அடுத்த அகலத்தை இழுத்தாள். "ஏறும்மா, கூடயையும் ஏத்து, மீன் நாத்தத்துக்கு நான் இன்னா சாகவா போறேன்" என்றது வண்டி. நாகவல்லி அக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, வேறு எதையும் சந்தேகப்படவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து அவர் பேசியதெல்லாம் வண்டியின் மேல் மஞ்சளாகப் படிகிறது, துடைத்தால் ஒரு தடவை கேட்கிறது, அப்புறம் கேட்பதில்லை, இதில் புரியாமல் இருக்க என்ன இருக்கிறது என்று எங்கள் தெரு எடுத்துக்கொண்டது. ராத்திரி படிவதைக் காலையில் எல்லாரும் உட்கார்ந்து கேட்பதற்காக, பாய் டீக்கடை பெஞ்சைத் தெருமுனைக்கு மாற்றினார்.

ஏன் எப்படி என்று கேட்காத தெரு, முறை மட்டும் வகுத்துக்கொண்டது. ஆளுக்கு ஓர் உள்ளங்கை அகலம், அதற்கு மேல் கிடையாது. சோப்பு போட்டவர்களுக்கு மாமா குழறிப் பேசினார், அவசரத்தில் உலர்ந்த துணியால் துடைத்தவர்களுக்குத் தொண்டை கட்டிய குரலில் பேசினார், வெறும் தண்ணீரில் துடைத்தவர்களுக்குத்தான் தெளிவாகப் பேசினார் என்பதால் சோப்பு விலக்கப்பட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த வண்டியின் பின்சீட்டிலேயே பெற்றவள் ஒருத்தி, பக்கத்து ஊரிலிருந்து அந்தப் பிள்ளையையே கூட்டிக்கொண்டு வந்து, அவன் கையில் துணியைக் கொடுத்தாள். "கத்து தாயி, நல்லாக் கத்து, சீட்டப் பத்திக் கவலப்படாத" என்று வந்தது, பையன் பயந்து, "நான் ஒண்ணும் கத்தலையே" என்றான். வைத்திலிங்கம் சாருக்கு முன்கண்ணாடியில், "தோ, கெளம்பி வந்துகினே இருக்கேன் சார்" என்று வந்தது, கூடவே இட்லி மெல்லும் சத்தமும் வந்தது. "பொய்யன்! அன்னைக்கு இவனாலதான் எனக்கு ரயில் போச்சு" என்று கத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனவர், மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றார்.

பவுனு அத்தை இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் நாளே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சொன்னாள்.

"எல்லாரும் தொடைங்க. என் ஒரு கையால ஆவாது. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னைக்கு அந்த ஒரு மணி நேரத்துல அவரு என்னக் கூப்பிட்டாரா, இல்லையா. கூப்பிட்டு, மோட்டார் சத்தத்துல எனக்குத்தான் கேக்காமப் போச்சா. அது இதுலதான் எங்கயோ இருக்கும். யாருக்கு வந்தாலும் என்கிட்ட வந்து சொல்லணும்."

"சொல்லாம இருப்பமா பவுனு" என்றது தெரு.

அதிலிருந்து எல்லாரும் அவள் பேருக்காகக் காத்திருந்தோம். ஒவ்வொரு காலையும் வண்டி புதிதாக மஞ்சள் பூத்து நின்றது, ஒவ்வொரு காலையும் நாங்கள் துடைத்தோம், அவர் தேரடி தாண்டினார், கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னார், பொண்ணு கல்யாணம் எப்போ என்று யாரையோ விசாரித்தார், மாடு குறுக்கே வந்ததற்கு மாட்டின் பரம்பரையைத் திட்டினார், கூட்டம் சிரித்தது, அத்தையும் பல் தெரியாமல் சிரித்தாள், வெயில் ஏறியது, வண்டி சுத்தமாகப் பளபளத்தது, 'பவுனு' என்ற பெயர் மட்டும் வரவில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் ஒரு வாக்கியம் கிடைத்தது. வாடகைக்குப் போகிற வண்டியில் வீட்டுக்காரிக்கு எங்கே இடம், அவள் அதில் ஏறிப்போனது நாலு தடவையோ ஐந்து தடவையோ, வண்டிப் பேச்சில் அவள் பேர் எப்படி வரும் என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். அத்தை சாப்பாட்டைக் குறைத்தாள். மத்தியானத்திலும் ஒருதடவை வந்து, படியாத மஞ்சளைத் தேடிச் சுத்தமான வண்டியைத் துடைத்தாள். வண்டி ஒன்றும் பேசவில்லை.

சித்திரை நாலாம் தேதி கடல்காற்று நின்றது. தெற்கே மேகம் கட்டியது. மறுநாள் காலை வண்டியின் மேல் படிந்திருந்தது ஒரு சிட்டிகை மஞ்சள். மழை இறங்கினால் அதுவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை வாளியோடு வருவதற்கு முன்னால் பின்கதவைத் திறந்து உள்ளே புகுந்து, பின்சீட்டுக்குக் கீழே சுருண்டு படுத்துக்கொண்டேன். அவள் வந்தாள், கூட்டமும் வந்தது. ஓட்டுநர் பக்கக் கதவில் அவள் துணியை வைத்து இழுத்த நேரம் பார்த்து, தணிகாசலம் மாமாவின் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, "பவுனு... பவுனூ..." என்று கூப்பிட்டேன்.

வெளியே நாகவல்லி அக்கா ஓவென்று அழுதாள். "கூப்பிட்டான்! புள்ள கூப்பிட்டுட்டான்!" என்றார் பாய். வைத்திலிங்கம் சார் கைதட்டினார் என்று நினைக்கிறேன். ஆளாளுக்கு அத்தையைக் கட்டிக்கொண்டார்கள், யாரோ சர்க்கரை எடுத்துவர ஓடினார்கள். அத்தை துணியை அலசினாள், பிழிந்தாள், மீதிக் கதவைத் துடைத்தாள், சுற்றிவந்து பின்பக்கம் துடைத்தாள், நம்பர் பலகை துடைத்தாள், நாலு சக்கரமும் துடைத்தாள், கூட்டம் பெஞ்சுப் பக்கம் ஒதுங்கிய பிறகு பின்கதவைத் திறந்தாள்.

"எழுந்திரு. பாவாடையெல்லாம் அழுக்காவுது பார்."

எழுந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"கொரலு அச்சு அசலா அவருதுதான். ஒரு நிமிஷம் எனக்கே ஒடம்பு ஆடிப்போச்சு. ஆனா உங்க மாமா எம் பேரச் சொன்னதே இல்லடி. கல்யாணப் பத்திரிகையில என் பேரு இன்னான்னு அவங்க அண்ணன்தான் அச்சாபீசுல சொன்னாராம், இவருக்கு வெக்கம். நான் அவர 'என்னாங்க'ம்பேன். பேரெல்லாம் சொல்லிக்கிற ஆளுங்களா நாங்க?"

"பின்ன எப்படித்தான் அத்த கூப்பிடுவாரு?"

"எல்லா ஆம்பளயும் போலத்தான். 'இந்தா'ம்பாரு. சாவி காணலன்னா இந்தா. கெளம்பறேன்னாலும் இந்தா. வண்டியில ஏறி உக்காந்துகினு அங்கருந்தே வாசலப் பாத்து இந்தாம்பாரு."

 இந்தா வந்திருந்தது. ஒன்றல்ல, பதினொன்று வந்திருந்தது. நாகவல்லி அக்காவுக்கு வந்தபோது, "கூடைய எறக்கிக் குடுக்கறப்ப சொன்னாரு பாரு, அதான் இது" என்று சந்தோஷமாகப் போனாள். சாருக்கு வந்தபோது, மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டியபோது சொன்னது என்றார். பாய், காலி கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னது என்றார். இந்தா என்று கேட்டதும் அத்தனை பேரும் கையை நீட்டினோமே தவிர, அவர் யாரையோ கூப்பிடுகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை; ஏதோ கொடுக்கிறார் என்றே நினைத்து, அவரவருக்கு என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

சொன்னேன். பெஞ்சிலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். கட்டிக்கொண்டு அழுதவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். "என்னுது அது இல்லையா அப்ப?" என்று நாகவல்லி அக்கா சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டாள். பிறகு, "எடுத்துக்க பவுனு, உன்னுதத்தான் நான் வச்சிருந்திருக்கேன்" என்று சொல்லி, அவர் சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டப் பார்த்தாள். மீன் கூவுகிற மாதிரி வந்தது. சார் சொல்லிப் பார்த்தார், வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி வந்தது. பாய் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். "உனக்கு அதெல்லாம் தொண்டையில இருக்குமே."

"இருக்கு அத்த."

"வண்டியில உக்காரு, அவரு எடத்துல. நான் வாசல்ல நிக்கிறேன்."

முப்பது எட்டு நடந்துபோய் வாசலில் நின்றாள். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன். தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றது, மேகம் தோப்பின் தலைவரைக்கும் இறங்கியிருந்தது, ஒரு சவுக்குகூட அசையவில்லை. நாகவல்லி அக்காவுக்கு வந்ததை முதலில் எடுத்தேன், கடைசி எழுத்து சுழன்று மேலே போகும் இந்தா.

"டிபன் பாக்ஸ் முன்சீட்டுலயே வச்சிருக்கேன், பாருங்க!" என்று வாசலிலிருந்து கத்தினாள் அத்தை.

சாருக்கு வந்தது, அவசர இந்தா.

"ஆணியில மாட்டியிருக்கு சாவி! தெனமும் அங்கதான இருக்கு!"

பாய்க்கு வந்தது, இழுத்து, கொஞ்சம் சிரிப்போடு வந்த இந்தா. அத்தை எங்கள் எல்லார் முன்னாலும் முகம் சிவந்து, "போங்க, ஆளுங்க பாக்கறாங்க" என்றாள் மெல்ல. யாரும் சிரிக்கவில்லை. நாலாவதற்கு மழை வரும் குடை எடுத்துக்கோங்க என்றாள், ஐந்தாவதற்கு மாத்திரை போட்டீங்களா என்றாள், ஆறாவதற்குக் கோபமாக உள்ளே திரும்பிக்கொண்டாள், அது என்றைக்கோ நடந்த சண்டை. ஒன்பதும் பத்தும் முடிகிறவரைக்கும் ஒரு குடித்தனத்தை எங்கள் தெரு முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டு நின்றது. ஒருத்தரும் அதை எட்டிப்பார்த்து அறிந்ததில்லை, அந்தக் குடித்தனம் முழுக்க இருந்ததே இந்த ஒரு சொல்லுக்குள்தான்.

பதினொன்றாவது எனக்கு வந்தது. மூன்று நாள் முன்னால் என் முறையில், துணி போகாத இடமாகப் பார்த்து, வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் விரலை விட்டு வழித்தேன், அங்கே ஊறிக் கிடந்த பழைய தூள் விரலில் வந்தது, கூடவே வந்தது அது. மூச்சில்லாமல், வாலில்லாமல், 'இந்' என்பது உள்ளேயே நிற்க, 'தா' என்பது உதட்டோரத்தில் வடிந்த இந்தா. என்ன கொடுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை, வேடிக்கையாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம் செய்துகாட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது புரிந்தது, அது அந்த ஒரு மணி நேரத்து இந்தா. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். பத்துதான் வந்தது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால், கடைசியில் அவர் கூப்பிடவே இல்லை என்று அவள் மீதி நாளெல்லாம் நினைப்பாள். சொல்லிவிட்டால், கூப்பிட்டார், எனக்குத்தான் கேட்கவில்லை என்று மீதி நாளெல்லாம் நினைப்பாள். கொஞ்சம் தெம்பு கூட்டி, பிரியமாக, நல்ல இந்தாவாக மாற்றிச் சொல்லலாம், என்னால் முடியும், என் தொண்டைக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் கொஞ்சம் முன்னால்தான் ஒரு பொய்யை அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்திருந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல், வந்தது வந்தபடி சொன்னேன்.

தெரு நின்றது. வாசலில் அத்தை நின்றாள், கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வண்டியைப் பார்த்தாள்.

"சொல்லு தில்லை. பதினொண்ணுன்னியே, பத்துதான ஆச்சு? ஏன் நிறுத்திட்ட?"

"சொல்லிட்டேன் அத்த."

மோட்டார் ஓடவில்லை. காற்றில்லை. முப்பது எட்டு தூரத்தில், தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, கேட்பதற்கென்றே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றவளுக்கு அது கேட்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை. அன்றைக்கு மோட்டார் ஓடாமல் இருந்தாலும் கேட்டிருக்காது என்பது அவள் முகத்தில் மெதுவாக ஏறியதைப் பார்த்தேன்; சுவரைப் பிடித்தாள், விட்டாள், நடந்து வந்தாள். துடைத்த ஈரம் காயாத கதவில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தாள்.

"இன்னொரு தபா."

சொன்னேன்.

முதல் தூறல் கூரையில் விழுந்தது, அவள் நிமிரவில்லை.

"தோ வரேங்க" என்றாள். "கை ஈரமா இருக்கு, தொடச்சிட்டு வரேன்."